பரோக் மேதையாக உத்தியோகம் பார்ப்பது எப்படி?

முதலில் பிறந்த வருடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1685 உத்தமம். ஐசனாக்கில் பாக், ஹாலேயில் ஹாண்டல், நேப்பிள்ஸில் டொமினிகோ ஸ்கார்லாட்டி என்று மூன்று பேர் அந்த ஒரே வருடத்தில் பிறந்து வைத்திருக்கிறார்கள். தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். விவால்டி 1678லேயே பிறந்து சமாளித்தார்.

இசைஞானம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஒரு பாஸ் வரியையும் அதோடு சில எண்களையும் நீட்டினால், எண்களைப் பார்த்தபடியே ஹார்ப்சிகார்டில் மற்ற ஸ்வரங்களைக் கையோடு நிரப்ப வேண்டும். நாலு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக் எழுதத் தெரிய வேண்டும். இதெல்லாம் சுலபம். கஷ்டம், வேலையில் இருப்பது. 1600க்கும் 1750க்கும் இடைப்பட்ட பரோக் காலத்தில் இசையமைப்பாளர் என்றால் அரண்மனைக்கோ தேவாலயத்துக்கோ நகரசபைக்கோ சம்பளக்காரர். லீவு, இன்கிரிமென்ட், ராஜினாமா எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் மேதையாக இருக்க முடியும்.

லீவு எடுக்க பாக்கிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்ன்ஸ்டட் ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த அவர், 1705ல், இருபது வயதில், நாலு வாரம் லீவு கேட்டார். லூபெக்கில் பக்ஸ்டஹூட என்ற பெரியவரின் வாசிப்பைக் கேட்க சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். திரும்பி வந்தது நாலு மாதம் கழித்து. மேலிடம் கூப்பிட்டு விசாரித்தபோது, பதிலுக்கு விட்டுப்போன ஆள் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன் என்றார். கூடவே இன்னொரு குற்றச்சாட்டு: ஞானப்பாட்டுகளுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களை நுழைத்துச் சபையாரைக் குழப்புகிறார். இதற்காகவா சம்பளம்?

பக்ஸ்டஹூடவின் நாற்காலி மீது கண் வைக்குமுன் நிபந்தனையைப் படியுங்கள். அங்கே வேலைக்கு வருபவர் அவருடைய மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவரும் முந்தைய ஆர்கன்காரரின் மகளைக் கட்டியவர்தான். 1703ல் ஹாண்டலும் அவர் நண்பர் மாத்தெசனும் போனார்கள், ஆர்கனை வாசித்துப் பார்த்தார்கள், விஷயத்தைக் கேட்டார்கள், ஹாம்பர்க்குக்கே திரும்பிவிட்டார்கள். (மறுவருடம் இதே நண்பர்கள் ஓபராவுக்கு நடுவில் ஹார்ப்சிகார்டில் யார் உட்காருவது என்று சண்டை போட்டு, வெளியே வந்து வாளை உருவினார்கள். ஹாண்டலின் கோட்டுப் பொத்தான் குறுக்கே வந்தது. ஹாண்டல் பின்னால் எழுதிய 'மெசையா'வுக்காக நன்றி சொல்ல விரும்புவோர் தையல்காரருக்குச் சொல்லலாம்.)

வெளிநாடு போவதானால் எஜமானர் பின்னாலேயே வரமாட்டார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஹனோவர் அரசவையில் வேலையிலிருந்த ஹாண்டல், நியாயமான காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லி 1712ல் லண்டன் போனார். திரும்பவில்லை. 1714ல் அந்த எஜமானரே இங்கிலாந்துக்கு ராஜாவாகி லண்டனில் வந்து இறங்கினார். நல்லவேளை, பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1717ல் தேம்ஸ் நதியில் படகுகளில் போகும்போது ஹாண்டலின் 'வாட்டர் மியூசிக்'கை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ராஜினாமாவைப் பணிவோடு கேளுங்கள். வைமாரில் ஒரு பிரபுவிடம் வேலையிலிருந்த பாக் அதே 1717ல் பிடிவாதமாகக் கேட்டதில் பிரபு அவரைச் சுமார் நாலு வாரம் சிறையில் வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். தாளம் போடுவதும் கையாலேயே இருக்கட்டும். கனத்த தடியால் தரையைத் தட்டித் தாளம் போட்ட பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி, 1687ல் பதினான்காம் லூயி உடல் தேறியதற்கான நன்றிப் பாட்டில் தன் காலிலேயே தட்டிக்கொண்டார். புண் அழுகியது. காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. செத்துப்போனார்.

இன்கிரிமென்ட் வேண்டுமா? வேறு ஊர் வேலைக்கு விண்ணப்பியுங்கள். லைப்சிக்கில் கான்டர் என்ற தேவாலய இசைப் பொறுப்பாளர் பதவி காலியானபோது நகரசபை முதலில் டெலிமானைக் கூப்பிட்டது. ஹாம்பர்க் சம்பளத்தை உயர்த்தியது, அங்கேயே இருந்துகொண்டார். அடுத்து கிரௌப்னர். அவருக்கும் டார்ம்ஸ்டட்டில் உயர்ந்தது. நல்ல ஆட்கள் கிடைக்காததால் நடுத்தரமானவரை எடுக்க வேண்டியதுதான் என்று ஒரு நகரசபை உறுப்பினர் பேச, 1723ல் பாக் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே வருமானத்தில் ஒரு பங்கு சாவு வீடுகளில் பாடுவதிலிருந்து வரும். ஆகவே தொற்றுநோய்க் காலம் பார்த்துச் சேருவது நல்லது. ஊரில் காற்று சுகமாக வீசியதால் சாவு குறைந்து போன வருடம் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று 1730ல் நண்பருக்கு பாக் கடிதமே எழுதினார். இவர்தான் இயேசுவின் பாடுகளைப் பாடும் 'மத்தேயு பாடுகள்' இசையை எழுதியவர்.

ஓய்வு பெறுவது பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. மேலிடம் யோசிக்கும். 1749 ஜூனில் லைப்சிக் நகரசபை ஹாரர் என்பவரை வரவழைத்து, பாக் இறந்தால் அந்த இடத்துக்கு என்று சொல்லியே அவரிடம் இசை நடத்தவைத்துத் தேர்வு வைத்தது. பாக் அப்போது அதே ஊரில், அதே வேலையில் இருந்தார். அவர் இறந்தது 1750 ஜூலை 28. ஹாரர் 13 மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.