நாயப்பாரு

கோபிசெட்டிபாளையத்தில் இப்போது தெருவுக்கு ஒரு நாயப்பாரு, அதாவது நாய்க்குத் தாத்தா, இருக்கிறார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நேற்று வரைக்கும் நெல், மஞ்சள், வாழை தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்காதவர். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நோம்பிக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது, "ஒரே ஒரு மாசம் பாத்துக்குங்ப்பா" என்று ஒரு ஷிட்சு நாயை விட்டுவிட்டுப் போயிருப்பான். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

நாய் வாசப்படி தாண்டக் கூடாது என்பது இவருடைய பழைய சட்டம். தோட்டத்துச் சாளையில் இவர் வளர்த்த நாய்கள் பழைய சோற்றைத் தின்று, கட்டுத்தறியில் படுத்து, தம் உண்ணியைத் தாமே கடித்து எடுத்து, ஆயுசு முடிந்ததும் தென்னை மரத்தடியில் புதைக்கப்பட்டு, அடுத்த வருஷக் காய்ப்புக்கும் உதவிவிட்டுப் போனவை. இப்போது வந்திருப்பது வேறு சாதி. மொத்தமே ஐந்து கிலோ. முடியை விலக்கிப் பார்த்தால்தான் முகம் எந்தப் பக்கம் என்று தெரியும். பெயர் கோகோ. பேரனையே "வாடா இக்கட்டால" என்று அதட்டுகிறவர், இதை மட்டும் "கோகோ, வாங்க சாமி" என்று கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டுக் கோழிகள்தான் முதலில் திரும்பிப் பார்க்கின்றன.

எல்லாம் ஒரு மார்கழியில் ஆரம்பித்தது. மழை ஓய்ந்து, வரப்பிலும் ஓடைக்கரையிலும் புல்லெல்லாம் கதிர் விட்டுக் காய்ந்து நிற்கிற காலம். நாயப்பாரு கோகோவை வாய்க்கால் கரைக்கு நடக்கக் கூட்டிப் போனார். அது புல்லுக்குள் புகுந்து, மோந்து, புரண்டு, பரம சந்தோஷமாகத் திரும்பி வந்தது. பொழுது சாய்ந்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காதை உதற ஆரம்பித்தது. உதறுகிற உதறலில் கட்டில் காலில் மண்டை மோதியது. வீட்டம்மா பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினார். எதிர்வீட்டு ஆத்தா, கண்ணுப்பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாய், நாயப்பாரு, ஆத்தா மூவரும் தும்மினார்கள். காது அப்படியே இருந்தது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி. மடிவீங்கிய ஜெர்சி மாடு ஒன்று, சினை பார்க்க வந்த எருமை ஒன்று, வெள்ளாடுகள் சில. நடுவில் துண்டுக்குள் நாயைப் பொதிந்துகொண்டு நாயப்பாரு. எருமைக்காரர், "ஏனுங் மாமா, குழந்தைக்கு ஒடம்பு சொகமில்லீங்களா?" என்று விசாரித்தார். கிண்டலா கரிசனமா என்பது இன்றுவரை தெரியவில்லை. டாக்டர் காதுக்குள் விளக்கடித்து, நீளமான இடுக்கி ஒன்றை விட்டு, மெதுவாக எதையோ இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காய்ந்த புல்விதை. நாயப்பாரு அரைடிராயர் காலத்திலிருந்து பார்த்துவருகிற சாதாரண ஊசிப்புல்.

"இதுங்களா!" என்றார்.

இதுதான். நுனி கூர்மை. அதன்மேல் பின்பக்கம் பார்த்துச் சாய்ந்த மயிர்ச்சுணை. முன்னால் போகும், பின்னால் வராது. வாலில் ஒரு முறுக்கு இருக்கிறது. பனி பட்டால் அது அவிழும், வெயில் பட்டால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுழற்சியில்தான் விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகி நட்டுக்கொள்கிறது. ஆள் வைத்து நட்டாலும் இத்தனை நறுவிசாக நட மாட்டார்கள். ஆனால் மண் எது, நாயின் தோல் எது என்று விதைக்குத் தெரியாது. விரலிடுக்கில் நுழைந்தால் கொப்புளம் கட்டிச் சீழ் பிடித்து மேலே ஏறும். மூக்கில் போனால் நிற்காத தும்மல். கண் இமைக்குள் போனால் கருவிழியையே அறுத்துவிடும். மூச்சோடு நுரையீரல் வரை போவதும் உண்டு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் மடங்குகிறது. உதற உதற விதை அந்த மடக்கைத் தாண்டிச் செவிப்பறையைத் தேடிப் போகும். எண்ணெய் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போகலாம் என்றார் டாக்டர். வீட்டம்மா அன்றிலிருந்து நல்லெண்ணெய்ச் சட்டியை எடுக்கும்போதெல்லாம் நாயப்பாரு பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

அன்றோடு நாயப்பாருவின் உலகத்தில் புல் என்கிற பொருளே ஒழிந்துபோயிற்று. எல்லாம் ஆயுதம். அவருடைய கணக்கில் நெருஞ்சி யோக்கியன். நேருக்கு நேர் குத்துகிறான், எடுத்தால் வந்துவிடுகிறான். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் ஓசிச் சவாரிக்காரர்கள். மருளூமத்தங்காய் முடியில் சிக்கினால் கத்தரிக்கோல்தான் கதி. சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், அதனால் அந்தப் பக்கமே போவதில்லை. சப்பாத்திக்கள்ளி பற்றி மட்டும் அவருக்குத் திருப்தி. ஒரு காலத்தில் கோயமுத்தூர்ச் சீமையின் காட்டையும் மேட்டையும் அடைத்துக் கிடந்த கள்ளி அது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கள்ளிப்பூச்சி அதை உறிஞ்சியே ஒழித்துக் கட்டியது. "அதாட்டம் ஒரு பூச்சியக் கண்டுபிடிச்சு ஊசிப்புல்லுக்கு உடோணுங்" என்று டீக்கடையில் அடிக்கடி சொல்கிறார். வேளாண் பல்கலைக்கழகம் கோயமுத்தூரிலேயே இருந்தும் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கொடுமை என்னவென்றால், இவர் மாமனார் ஊர் காங்கேயம் பக்கம். அங்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம்தான் சொத்து. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். காங்கேயம் காளையின் திமிலுக்கு அந்தப் புல்தான் காரணம் என்று நாற்பது வருஷம் பந்திக்குப் பந்தி பேசியவர் இவர். போன மாசி மாதம் ஒரு விசேஷத்துக்குப் போனவர், அதே கொறங்காட்டை நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துக் கடந்தார். மச்சினன் மகன் பதறிப்போய், "ஏனுங் மாமா, மாடு திங்கற புல்லுங்க அது" என்றான்.

"மாட்டுக்குச் செரி மாப்ள. கதிரப் பாரு, எத்தன சொணை!"

ஒறம்பரை வட்டாரத்தில் இந்த வாக்கியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் திண்ணையில் சோதனை நடக்கும். மல்லாக்கப் போட்டு விரலிடுக்கு, அக்குள், தொடைச்சந்து, வாலுக்கடி, காது மடல், கண்ணோரம். ஆயுதங்கள்: பேன்சீப்பு, டார்ச், தாத்தா காலத்து முள்வாங்கி. மேலோடு நிற்பதை எடுப்பார். உள்ளே போனதைத் தோண்ட மாட்டார், நேராக ஆஸ்பத்திரிதான். காதில் குச்சி விடுகிறவர்களைக் கண்டால் ஆகாது; மனிதக் காதில் விட்டாலும் கத்துவார். பாதத்து முடியைக் கத்தரிக்க மாதம் ஒருமுறை ஈரோட்டுக்குக் காரில் போகிறார். தன் தலைக்குச் சலூன்காரர் பத்து ரூபாய் ஏற்றியபோது சண்டை போட்டவர், ஈரோட்டில் கொடுக்கிற தொகையை வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

வீட்டம்மாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். "எங்கால்ல முள்ளேறி ரெண்டு நாளு நொண்டுனப்ப, 'பாத்து நடக்கறதுக்கென்ன'ன்னு கேட்ட மனுசனுங்க இவரு."

தெருநாய்களை இவர் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் பொறாமை உண்டு. குட்டை முடி, விறைத்த காது. அதே புல்லுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறிக் குரைக்கின்றன. அவற்றுக்கும் ஏறாமல் இல்லை. மூன்று காலில் நடக்கிற தெருநாயின் நாலாவது பாதத்தைத் தூக்கிப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். இப்போது கிழக்குத் தெருவில் ஒன்றிரண்டு நாய்கள் நாயப்பாருவைக் கண்டதும் தாமாகவே காலை நீட்டுவதாகக் கேள்வி. நான் நம்பவில்லை. ஆனால் முள்வாங்கி இப்போது அவர் அரைஞாணிலேயே தொங்குகிறது.

ஒருமுறை மனுவும் எழுதிக் கொடுத்தார். கரையோரப் புல்லைப் பூக்கும் முன்னே வெட்ட வேண்டும், காய்ந்த பிறகு வெட்டினால் விதை நாலா பக்கமும் சிதறும் என்று விவரமாக. மனுவை வாங்கியவர் இரண்டு முறை படித்தார். "நாய்த் தொல்லைன்னு தெனமும் மனு வருதுங்க. நாய்க்குத் தொல்லைன்னு வர்றது இதுதானுங்க மொதல்."

சினிமா பார்ப்பதும் கெட்டுப்போயிற்று. சின்னக் கோடம்பாக்கம் என்று பேரெடுத்த ஊர் இது. இந்த வயலிலும் வாய்க்கால் மேட்டிலும் கொடிவேரி அணையிலும் எடுக்காத பாட்டு இல்லை. டிவியில் காதலனும் காதலியும் நம்மூர்ப் பச்சையில் உருளும்போது வீடே ரசிக்கும். நாயப்பாரு மட்டும், "காதுக்குள்ள போச்சுன்னா தெரியும்" என்பார்.

போன வாரம் மகன் போன் செய்தான். புது அப்பார்ட்மென்ட்டில் நாய்க்கென்றே தனியாகப் புல்வெளி விட்டிருக்கிறார்களாம், அடுத்த முறை வரும்போது கோகோவைக் கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னான்.

"என்ன புல்லுடா அது?"

"லான்ங்ப்பா."

"லானுன்னா? அருகா, கோரையா? கதிர் உடுமா, உடாதா?"

"தெரியலீங்ப்பா. பச்சையா இருக்குங்."

நாயப்பாரு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போன அம்மிணிகிட்டக் குடு" என்றார். மருமகளிடம், அந்தப் புல்லில் ஒரு கைப்பிடி வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.