வால்வரிசை மாணவன்

இங்கிலாந்துப் பள்ளிகள் பிரெஞ்சுப் பாடத்தின் பெயரால் பாரிஸ் நகருக்கு அழைத்துச் செல்லும் மாணவர் குழுவைத் தலை, உடல், வால் என மூன்று உறுப்புகளாகப் பகுக்கலாம். தலை என்பவர் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்து முன்னே நடக்கும் ஆசிரியர். உடல் என்பது அவர் சொல்வதைக் கேட்கும் பாவனையில் தொடரும் பெரும்பான்மையோர். வால் என்பவன் அனைவருக்கும் பின்னால், ஒரு தோளில் மட்டும் பை தொங்க, கடைசி பெஞ்சின் மரபை அயல்நாட்டிலும் வழுவாது காத்துவருபவன். குழுவின் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஆசிரியர் என நினைப்பது பிழை. அது இவன் கையில், அதாவது காலில், இருக்கிறது.

தலை எண்ணுதல் என்பது மெட்ரோ எனப்படும் சுரங்க ரயிலில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் ஆசிரியர் விரல் நீட்டிச் செய்யும் சடங்கு. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்று குறையும், குறைந்த அந்த ஒன்று தெருமுனையில் க்ரேப் வாங்கிக்கொண்டிருக்கும். மாவை மெல்லியதாக வார்த்து, சாக்லேட் தடவி, முக்கோணமாக மடித்துத் தரும் அப்பண்டத்தை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் பள்ளி தந்த வினாத்தாளை அவன் நிரப்ப முயல்வதால், நான்காம் வினாவுக்குரிய இடத்தில் விடைக்குப் பதில் சாக்லேட்டே காணப்படும்.

1793இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட லூவர் அருங்காட்சியகத்தில், 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள மோனா லிசாவைக் காணக் கூட்டம் முண்டியடிக்க, அதன் எதிர்ச்சுவரில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தில் வெரோனேசே வரைந்த கானாவூர்த் திருமணம் கேட்பாரற்றுத் தொங்குகிறது. செல்ஃபி எடுப்பதற்காக மோனா லிசாவுக்கு முதுகு காட்டும் நம் மாணவனுக்கு அப்பேரோவியம் நேர் எதிரே வாய்க்கிறது. எனினும் இடையில் கைப்பேசித் திரையும் அதில் அவன் முகமும் இருப்பதால், இரண்டு ஓவியங்களையும் ஒரே நொடியில் காணாதுவிடும் அரிய பேறு அவனுக்குக் கிட்டுகிறது. 1911இல் மோனா லிசா களவு போனபோது, அது தொங்கிய வெற்றுச் சுவரைக் காணவே மக்கள் திரண்டனர் என்பதால், பாராமல் பார்த்துத் திரும்பும் இக்கலைக்கு முன்னோடிகளும் உண்டு.

1889இல் எழுந்த ஈபிள் கோபுரத்தின் இரண்டாம் தளத்துக்கு 674 படிகள் ஏறும்போது உறுப்புகள் இடம் மாறுகின்றன. காலை முதல் குடை தூக்கிய தலை மூச்சு வாங்க, நாள் முழுவதும் ஆற்றலைச் சேமித்துவைத்த வால் முதலில் மேலேறி, நகரை நாற்புறமும் நோட்டமிட்டு, ஈபிள் கோபுரம் எந்தப் பக்கம் தெரியும் என்று வினவுகிறது.

இவனைப் பயனற்றவன் என ஒதுக்குவது அறமன்று. பாரிசின் தெருக்களில் நான்கு பெண்ணுருவங்கள் கூரையைத் தாங்கி நிற்கும் கரும்பச்சைக் குடிநீர் ஊற்றுகள், ரிச்சர்ட் வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் கொடையால் 1872 முதல் நிறுவப்பட்டவை. சாக்லேட் கையைக் கழுவப் பின்தங்கிய இவன் மட்டுமே, தன் நாட்டவர் தந்த அக்கொடையைத் தொட்டறிந்தவன். குடையைப் பார்த்தே நடந்தவர்கள் அதைக் கடந்துபோயினர். பாரிசைப் பார்க்காமல் ஊர் திரும்புவோர் அக்குழுவில் பலர். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளாதவன் இவன் ஒருவனே.