லிஃப்டில் என் பங்கு

போன ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட அளந்தோம். என் மனைவியின் கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, இப்போதெல்லாம் டேப் இருக்கிறது. அதைக் கண்டதுமே புரோக்கருக்கு முகம் வாடிவிட்டது.

நோட்டீஸில் 1,150 சதுர அடி. டேப்பில் எண்ணூற்றுச் சொச்சம்.

"மீதி எங்கே தம்பி?"

"அது சூப்பர் பில்ட்-அப் சார்."

"அதான், எங்கே இருக்கு?"

"எல்லா இடத்துலயும் இருக்கு சார்" என்று பிரகலாதன் மாதிரி கையை வீசினார். தூணும் அதில் சேர்த்திதானாம்.

வீட்டுக் கடனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்த முந்நூறு அடியை முடித்துவிடுகிறேன்.

படிக்கட்டில் எனக்குப் பங்கு உண்டு. லிஃப்டில் உண்டு. லிஃப்ட் மேலே போனபின் கீழே இருக்கிற குழியிலும் உண்டு. மீட்டர் ரூம், வாட்ச்மேன் ரூம், ஜெனரேட்டர் மேடை, எல்லாவற்றிலும் சதுர அடி ஏழாயிரம் ரூபாய்க்கு நான் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் கிரகப்பிரவேசத்தன்று லிஃப்டிலும் ஒரு டம்ளர் பால் காய்ச்ச வேண்டும். ஊரிலிருந்து சித்தப்பா வந்தால் மூன்றாம் மாடி வளைவில் பாய் விரித்துக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்த இடம்! ஆனால் அங்கே ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்துப் பாருங்கள். "சார், இது காமன் ஏரியா" என்று அசோசியேஷன் செக்ரட்டரி வந்து நிற்பார். விற்கும்போது என்னுடையது, வைக்கும்போது ஊருடையது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் மட்டும் மறக்காமல் அந்த 1,150-க்கு.

கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்குகிற இடத்தை, சொல்லியாக வேண்டும் என்று 2016-ல் ரேரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. புரோக்கர் வாய்க்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. அந்தச் சட்டக் கணக்கிலும் உள்ளே இருக்கிற தடுப்புச் சுவரின் பருமன் சேரும், பால்கனி சேராது. ஆகவே சுவருக்குள் குடியிருக்கலாம்.

சரி, நிலமாவது? யுடிஎஸ் 480 சதுர அடியாம். எந்த 480 என்று காட்டச் சொன்னேன். "அதெல்லாம் காட்ட முடியாது சார், பிரிபடாத பாகம்." எங்கள் ஊரில் ஒரு வரப்புக்காக இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கிறார்கள். இங்கே வரப்பே இல்லாமல் நாற்பது பங்காளிகள். என் நிலம் செப்டிக் டேங்குக்கு அடியில் இருந்தாலும் யாரைப் போய்க் கேட்பது? கார் பார்க்கிங் தனி, நாலு லட்சம். அதில் கார் நிற்கும்; கதவைத் திறந்து நாம் இறங்க முடியாது.

மறுநாள் காலை காபி குடிக்கவிடாமல் போன். "சார், இன்னொரு பார்ட்டி டோக்கன் கொடுக்க ரெடியா இருக்காங்க."

நான் பார்க்கிற எல்லா ஃபிளாட்டுக்கும் இந்த இன்னொரு பார்ட்டிதான் போட்டி. பல்லாவரத்திலும் அவர், பெரும்பாக்கத்திலும் அவர். அவருக்கு எந்த பேங்கில் இவ்வளவு கடன் கொடுக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் தேவலை.