வட்டவளையில் காசு தேடுவோர் கவனத்துக்கு

மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசைக் கண்டுபிடிக்க எந்தக் கருவி சிறந்தது என்று கேட்டால் சிலர் ஆஸ்திரேலியாவின் மைன்லாப் என்பார்கள், சிலர் அமெரிக்காவின் கரெட் என்பார்கள். மலையகத்தைப் பொறுத்தவரை இரண்டு பேரும் வரலாறு படிக்காதவர்கள். இந்த மலைகளில் இதுவரை வேலை செய்த கருவிகளிலேயே ஆகச் சிறந்தது, தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்து மேய்த்த தலைக்கங்காணி. பற்றரி வேண்டாம். மழையில் நனைந்தாலும் பழுதாகாது. லயத்துக் காம்பராவில் அரிசிப் பானைக்கு அடியில் கால் ரூபாய் ஒளித்து வைத்திருந்தாலும், வாசலில் நின்றபடியே சத்தம் கொடுக்கும். ஒரேயொரு குறை: கண்டெடுத்ததைத் திருப்பித் தராது.

வட்டவளையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில், கலபொடவுக்கும் ரொசல்லவுக்கும் நடுவில் வருகிற ஊர். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இடம். இலங்கையிலேயே அதிகம் நனைகிற ஊர்களில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் இங்கே மலையே நகர்ந்து ரயில் பாதையையும் கூட்டிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஊரில் பாட்டன் புதைத்த குடம் புதைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்கு இந்த நாட்டில் பஞ்சம் இல்லை. புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பூசகர், ஒரு பெக்கோ, தேசிக்காய், ஊதுவத்தி, கூடவே ‘ஸ்கேனர்’. ஸ்கேனரை விற்றவர் பத்து மீற்றர் ஆழம் பார்க்கும் என்று சொல்லியிருப்பார். உண்மையில் ஒற்றைக் காசு என்றால், நல்ல கருவிக்கும் சாதாரணமாக எட்டுவது இருபது சென்றிமீற்றர் அளவுதான். வளையத்திலிருந்து கிளம்பும் காந்தப் புலம் காசைத் தொட்டு, அங்கே ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்பி, அதன் எதிரொலி திரும்பி வரவேண்டும். போகிற வழியிலும் தேய்கிறது, வருகிற வழியிலும் தேய்கிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சத்தம் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். பத்து மீற்றர் கதை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பதைப் பூசகரிடம்தான் கேட்கவேண்டும்.

புதையல் கதைக்கு முதல் காரணகர்த்தா கண்டி ராசா. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்துக் கடைசி ஆள். 1815 பெப்ரவரி 18இல் மெதமகநுவரப் பக்கம் பிடிபட்டார். பிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை. ராணிகளின் நகைகளை அங்கேயே கழற்றிக்கொண்டார்கள் என்பது நாட்டு வழக்கு. மிச்சத்துக்கு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் தனியாக ஆட்களையே வைத்திருந்தான்: தோற்றவன் சொத்தைத் தேடி, எழுதி, ஏலம் விட்டு, பங்கு பிரிப்பதுதான் அவர்கள் உத்தியோகம். ராசா வேலூருக்குப் போய் 1832இல் அங்கேயே கண்ணை மூடினார். இத்தனை கைகளுக்குத் தப்பி ஒரு குடம் பொன் வட்டவளை மலைக்கு நடந்து வந்திருக்கும் என்றால், அந்தக் குடத்துக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்து வந்தது கோப்பி. காட்டை வெட்டிக் கோப்பி போட்ட தொரைமாருக்கு ஒரு வில்லங்கம் இருந்தது. நிலம் கிடைத்தது, ஆள் கிடைத்தது, சில்லறை கிடைக்கவில்லை. கவர்மெண்டு கணக்கு பவுண், சில்லிங், பென்ஸ் என்று ஓடியது. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த சனமோ ராணி தலை போட்ட இந்திய வெள்ளி ரூபாயைத்தான் காசு என்று ஒத்துக்கொண்டது. நியாயந்தானே? ஊரில் கடன்காரன் பவுண் கணக்கிலா கேட்பான்? கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. 1872இல் ரூபாயும் சதமும் இலங்கையின் கணக்காயின. விக்டோரியா ராணியின் சாம்ராச்சியம் ஆண்டிப்பட்டிக் கடன்காரனுக்குத் தலை வணங்கியது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை, ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

சில்லறை கிடைக்காத அந்தக் காலத்தில், கொழும்பில் கோப்பிக் கொட்டை பொறுக்கிய பெண்களுக்குக் கொம்பனிகள் தாங்களே வில்லை அடித்துக் கொடுத்தன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கொம்பனியின் வில்லை 1843ஆம் ஆண்டு போட்டது. அரசன் முகம் இல்லாத, கொம்பனி பெயர் மட்டும் உள்ள காசு. இன்று சேகரிப்பவர்கள் அதற்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். அன்று அதை வாங்கிய பெண்ணுக்கு அது அந்தக் கொம்பனி வாசலைத் தாண்டினால் வெறும் உலோகம்.

மலைக்கு ரூபாய் வந்ததா? வந்தது. தங்கியதா என்பதுதான் கேள்வி. கோப்பிக் காலத்தில் சனம் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியது. மிச்சம் பிடித்தவன் அதை மடியில் முடிந்துகொண்டு மாத்தளை, தம்புள்ளை, மன்னார் வழியாக ஊருக்கு நடந்தான். காசு விழுந்திருந்தால் அந்தக் காட்டுப் பாதையில்தான் விழுந்திருக்கவேண்டும், கொலராவிலும் காய்ச்சலிலும் ஆளே விழுந்த இடங்களில். அங்கே கருவியை நீட்டிக்கொண்டு போவதைப் பற்றி எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

மிச்சம் பிடிக்காதவன் கதை இன்னும் சுருக்கம். கூலி நேராகக் கைக்கு வருவதில்லை, கங்காணியிடம் போகும். ஊரில் கொடுத்த முற்பணம், வழிச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கழிந்து மீதி வரும். பெரும்பாலும் மீதி வராது, மீதிக் கடன்தான் வரும். ஆள் ஒன்று வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் இறங்காவிட்டால் அந்த ஆளுக்கு ஏச்சு. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால் தொரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, கட்டிவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று. ஆளின் மதிப்பு அவன் பட்ட கடன். கடன் கூடக் கூட விலையும் கூடிற்று. இப்படியொரு சந்தையைக் கண்டுபிடித்தவர்கள் நம்மைப் பார்த்து கணக்குத் தெரியாத சனம் என்றார்கள். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதில் கருவி பாவம் என்ன செய்யும்? துண்டு காகிதம். கடனுக்கு உலோகம் இல்லை.

கோப்பியும் நிலைக்கவில்லை. 1869இல் இலையில் செம்மஞ்சள் தூள் ஒன்று தெரிந்தது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத தொரைமார் அதை நாசகார எமிலி என்று ஒரு பொம்பளை பெயராக்கிக் கிளப்பில் சிரித்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் எமிலி அவர்கள் சிரிப்பையும் சேர்த்துத் தின்றுவிட்டாள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியைச் சீமையிலிருந்து வரவழைத்தார்கள். அவர் இரண்டு வருடம் இலையை உற்றுப் பார்த்துவிட்டு, இது ஒரு பூஞ்சை, காற்றில் பரவுகிறது, மலை முழுக்க ஒரே பயிரைப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார். நோய் தெரிந்தது, மருந்து இல்லை.

வார்ட் இலையைப் பார்த்துக்கொண்டிருந்த 1881இல் வோசிங்டனில் இன்னொரு தேடல் நடந்தது. ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்ட குண்டு உடம்பில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தன் மின் கருவியோடு வந்து தடவிப் பார்த்தார். எல்லா இடத்திலும் சத்தம் வந்தது, படுக்கை மெத்தைக்குள் உருக்குச் சுருள்கள்! போதாததற்குப் பெரிய டாக்டர் வலது பக்கம் மட்டும் தேட விட்டார். குண்டு இடது பக்கம் இருந்தது. செப்டெம்பரில் ஜனாதிபதி காலமானார். இன்றைய காசு தேடும் கருவிகளுக்கெல்லாம் முப்பாட்டன் அந்தக் கருவிதான். பெரிய மனிதர் ஒருவர் தவறான பக்கத்தைக் காட்டிவிட்டால் எந்தக் கருவியும் எடுபடாது என்ற பாடமும் அன்றே கிடைத்துவிட்டது. மலையகத்தில் காசு எங்கே போனதென்று தேடிய கமிஷன்கள் பலவும் தொழிலாளியின் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தன.

1884இல் கோப்பிக் கூத்து உச்சத்துக்கு வந்தது. மே மாதம் ஓரியண்டல் பாங்க் படுத்தது. இலங்கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பங்கு அதனுடையது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் சீமையைக் கேட்காமலே நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று சொல்லி நாட்டைக் காப்பாற்றினார். அதே ஆண்டுதான் கோப்பி ஏற்றப் போட்ட ரயில் வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. ரயில் வந்தபோது கோப்பி இல்லை. நல்லகாலம், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டு வைத்திருந்தார்.

தேயிலைக் காலத்தில்தான் நம் சனத்தின் கழுத்தில் உண்மையிலேயே உலோகம் ஏறியது. தங்கம் என்று ஆசைப்படாதீர்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த ‘டின் டிக்கட்’. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு வில்லை. ஊரில் ஏறியதிலிருந்து தோட்டத்தில் இறங்கும்வரை அதைக் காட்டினால் போதும், செலவெல்லாம் தோட்டக் கணக்கில். இலவசப் பயணம் என்று ஏறியவர்களுக்கு அந்தக் கணக்கு பிறகு யார் பெயரில் எழுதப்பட்டதென்று தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்றோல் சொல்லியது. பார்சலில் விலாசம் ஒட்டுவது வழக்கம். இவர்கள் பார்சலின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள்.

1929 தொடக்கம் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டை. பெண்ணின் காலில் ஏறிய அட்டை மட்டும் பதினொரு சதம் குறைவாகக் குடித்ததா என்று சட்டம் விளக்கவில்லை. அந்த 43 சதத்தில் ஒரு சதுர ஐந்து சதம் தேயிலைத் தூருக்குள் விழுந்திருந்தால், பெரட்டுக் கலைந்த பிறகு குடும்பமே திரும்பி வந்து மண்ணைச் சலித்திருக்கும். இன்றைக்கு நீங்கள் அங்கே கருவியோடு போனால் கிடைக்கப்போவது கவ்வாத்துக் கத்தியின் முனை, தகரக் கூரை ஆணி, டின் மீன் தகரம், சாராயப் போத்தல் மூடி. முதல் மூன்றும் வறுமையின் சாட்சி, நாலாவது அதை மறந்த நேரத்தின் சாட்சி.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் உலோகம் கிடைக்காமல் 1942இல் ஐந்து சதத்துக்கும் நோட்டு அடித்தார்கள். நடுவில் கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும். வட்டவளை மழைக்கு ஏற்ற காசு!

சரி, கருவி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒப்பீடு. சந்தையில் அதிகம் கிடைப்பது தாழ் அலைவரிசைக் கருவி. வெள்ளிக்கும் செம்புக்கும் ஒரு சத்தம், இரும்புக்கு வேறு சத்தம் என்று பிரித்துச் சொல்லும். ஆனால் எங்கள் செம்மண்ணில் இரும்பு ஒக்சைட்டு நிறைய. மண்ணே உலோகம் போலக் கத்தும். பெல்லின் மெத்தைக் கதை, இந்த முறை மெத்தை மலையளவு. மண்ணுக்குத் தக்கபடி கருவியைச் சமன் செய்யத் தெரியாதவர் நாள் முழுக்க மலையோடு பேசிக்கொண்டிருப்பார். துடிப்பு முறைக் கருவி இந்த மண்ணைப் பொருட்படுத்தாமல் ஆழமாகப் பார்க்கும். ஆனால் ஆணிக்கும் அரச காசுக்கும் வித்தியாசம் சொல்வதில் மந்தம், ஆகவே ஒவ்வொரு கூரை ஆணிக்கும் ஒரு குழி. நெடுந்தூரம் காட்டும் கம்பிக் கருவி என்று ஒன்றை நீட்டினால் ஓடிவிடுங்கள். கோல்ப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானுக்கு வேறு பெயர் ஒட்டி, வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக்குக்கு 2013இல் இங்கிலாந்தில் பத்து வருடச் சிறை விழுந்தது. பூசகர் இந்த ஒப்பீட்டில் கடைசி இடம். அவர் பலி கொடுக்கும் சேவலின் செலவையும் சேர்த்தால் அதற்கும் கீழே.

வாங்கினாலும் தோண்ட முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அனுமதியில்லாமல் தேடித் தோண்டுவது குற்றம். நிலமோ தோட்டக் கொம்பனியின் குத்தகை. இருநூறு வருடமாக இந்த மண்ணைத் தோண்டிய சனத்தில் பலருக்குச் சொந்தமாகத் தோண்ட ஏழு பேர்ச் காணிக்கே இன்னும் வழக்கும் வாக்குறுதியும்தான்.

தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், தகரத்துக்குப் பிடிக்காது. மண்ணில் விழுந்த டின் டிக்கட் இந்நேரம் துருவாகிக் கரைந்திருக்கும். மிஞ்சியிருந்தால் அது வீடுகளில்தான். அதனால் ஒரு வேண்டுகோள். பாட்டியின் டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன் அடியில் துழாவிப் பாருங்கள். ஓட்டை போட்ட வில்லை ஏதும் அகப்பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அதிலுள்ள எண்களை ஒரு கொப்பியில் எழுதி, யார் கழுத்தில் கிடந்தது, எந்தத் தோட்டம், ஊர் எது என்று தெரிந்ததையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதற்குக் கருவியும் வேண்டாம், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.