ஒரே அழைப்பு மணிக்கு இரண்டு வீடு

கேள்வி: பழைய கணினியின் மூடியைக் கழற்றினால் நாலைந்து ஸ்லாட்டுகள் தெரிகின்றன. நெட்வொர்க் கார்டு எதில் போகும்?

பதில்: நிறமும் நீளமும் பாதி விடையைச் சொல்லிவிடும். கறுப்பாக, நீளமாக இருப்பது ஐஎஸ்ஏ, 1980களின் சொத்து. வெள்ளையாக, குட்டையாக இருப்பது பிசிஐ. 1992இல் இன்டெல் கொண்டுவந்தது. பழுப்பு நிறத்தில் சற்று உள்ளே தள்ளி ஒன்று இருந்தால் அது ஏஜிபி, திரைக்கான கார்டுக்கு மட்டுமே உரியது. பென்டியம் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் ஐஎஸ்ஏ, பிசிஐ இரண்டும் உண்டு. அப்படியிருந்தால் யோசிக்காமல் பிசிஐ பக்கம் போவதே நல்லது. காரணம் நான்காவது பதிலில் தெரியும்.

கேள்வி: கிகாபிட் கார்டு போட்டால் கிழட்டுக் கணினி குதிரையாகுமா?

பதில்: ஆகாது. அந்தக் காலத்து பிசிஐ பாதையின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 மெகாபைட். அதையும் எல்லாக் கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அன்றைய ஹார்ட் டிஸ்க்கோ அதில் சிறு பகுதியைத்தான் நிரப்பும். 100 மெகாபிட் கார்டு தாராளம். ரியல்டெக் 8139 சிப் உள்ள கார்டு கிடைத்தால் விட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியிலும் லினக்ஸிலும் அதற்கான டிரைவர் கூடவே வருகிறது.

கேள்வி: பொருத்தும்போது கை நடுங்குகிறதே?

பதில்: முதலில் கணினியை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கையே உருவ வேண்டும். ஏடிஎக்ஸ் வகைக் கணினி அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை விரலால் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் சிப்பில் இறங்காமல் அதில் இறங்கிவிடும். கார்டை விளிம்பில் பிடித்து, பொன்னிறப் பற்களைத் தொடாமல், ஸ்லாட்டுக்கு நேர்மேலே நிறுத்தி இரு முனைகளிலும் ஒரே அளவாக அழுத்தினால் ஒரு சிறு தடை வந்து, பிறகு சட்டென்று உட்காரும். பற்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் மறைந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்பிவிடுவது பழைய பெட்டிகளில் சகஜம். ‘கார்டு செத்துவிட்டது’ என்ற புலம்பல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஐஎஸ்ஏ கார்டு போட்டதும் மவுஸ் நின்றுவிட்டது. இரண்டுக்கும் என்ன பகை?

பதில்: பகை இல்லை, ஒரே அழைப்பு மணி. ஒவ்வொரு கருவியும் பிராசஸரைக் கூப்பிட ஒரு மணியை அடிக்கிறது. அதன் பெயர் ஐஆர்க்யூ. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி முதல் 0 தொடங்கி 15 வரை பதினாறு மணிகள். கடிகாரத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கு 3, முதலாவதற்கு 4, ஃபிளாப்பிக்கு 6, பிரிண்டருக்கு 7 என்று பெரும்பாலானவை ஏற்கெனவே குடிவைக்கப்பட்டவை. நாவெல் நிறுவனத்தின் என்இ2000 கார்டைப் பார்த்துச் செய்யப்பட்ட எத்தனையோ கார்டுகள் 3ஆம் எண்ணிலேயே வந்தன. மவுஸ் இரண்டாவது சீரியல் போர்ட்டில் இருந்தால் ஒரே மணிக்கு இரண்டு வீட்டார் ஓடிவருவார்கள். ஐஎஸ்ஏ பாதையில் இந்தப் பங்கீடு சரிப்படாது, பிசிஐயில் சரிப்படும்.

கார்டில் உளுந்தளவே உள்ள ஜம்பரை உருவி 10 அல்லது 11க்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. 3காம் நிறுவனத்தின் 3சி509 போன்றவற்றுக்கு ஜம்பர் இல்லை. டாஸில் ஓடும் சிறு மென்பொருளே எண்ணை மாற்றும். 8 பிட் ஐஎஸ்ஏ கார்டுக்கு மட்டும் 10, 11 எட்டாது. அந்தக் கம்பிகள் 16 பிட் ஸ்லாட்டின் பின்துண்டில்தான் இருக்கின்றன.

கேள்வி: கார்டில் உருளை வடிவ வாய் இருக்கிறது. இன்றைய கேபிள் நுழையவில்லை.

பதில்: அது பிஎன்சி, கோஆக்சியல் கேபிளுக்கானது. பக்கத்திலேயே ஆர்ஜே-45 வாயும் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் வேறு கார்டு தேடுவதே சுலபம்.

கேள்வி: டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது, இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!

பதில்: மூடியைத் திறப்பதற்கு முன்பே இன்னொரு கணினியில் இறக்கி ஃபிளாப்பியிலோ சிடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைக் கொண்டு தேடினால் சரியானது கிடைக்கும். போட்ட பிறகு 127.0.0.1க்கு பிங் செய்து பதில் வந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தப் பதில் கார்டைத் தொடாமலே வருவது. ரௌட்டரின் முகவரிக்கு பிங் செய்து பதில் வந்தால்தான் கார்டும் கேபிளும் வேலை செய்கின்றன என்று பொருள்.