நடை அடைக்காத சார்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெடுஞ்சாலையோரமாக நீளும் ஊர்களில் ஏதாவது ஒரு கணக்கு ஆபீஸுக்குள் நுழைந்து பாருங்கள். சிமென்ட், கம்பி விற்கும் கடையின் மாடியறையாக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம். நாலைந்து கம்ப்யூட்டர், பீரோவுக்குப் பின்னால் தூசியோடு ஒரு சர்வர், அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர், அந்த ஃபோல்டர் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பும் ஒரு சார். இந்த நாலாவது உருப்படி இல்லாத ஆபீஸ் அபூர்வம்.

ஊர்க் கோயில்களில் உச்சி பூஜை முடிந்ததும் நடை அடைத்துவிடுவார்கள். சார் அப்படியில்லை. காலையில் திறந்த ஃபைல் சாயங்காலம் வரை திறந்தே கிடக்கும். ஒன்றைப் பார்த்து முடித்ததும் அடைக்கமாட்டார், கீழே தள்ளி வைப்பார். மத்தியானத்துக்குள் திரையின் அடியில் பச்சைப் பச்சையாக எக்செல் வரிசை கட்டி நிற்கும். அடைத்தால் மறுபடியும் தேடவேண்டும் என்பது அவர் வாதம். தேடத் தெரியாது என்பது மற்றவர்கள் கட்சி. அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் நடை அடைக்காத சார்.

எல்லைப்புற ஆபீஸில் இது சின்ன விஷயமில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு இன்று பில் புத்தகத்தின் நடுவே ஓடுகிறது. பாறசாலைக் கடையிலிருந்து ஒரு மூட்டை சிமென்ட் பக்கத்து ஊருக்குப் போனால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. கல்லெறி தூரத்துக் களியக்காவிளைக்குப் போய் இறங்கினால் வெளிமாநில விற்பனை, முழுக்க ஐஜிஎஸ்டி. கேஎல் 19 வண்டிக்கு ஒரு கணக்கு, டிஎன் 75 வண்டிக்கு வேறு கணக்கு என்று நினைத்தால் அதுவும் தப்பு. வண்டி எந்த ஊர்க்காரனுடையது என்பதில் ஒன்றுமில்லை, சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதே பேச்சு. ஆகவே ஒவ்வொரு லோடும் அந்தப் பொது ஃபைலில் உடனுக்குடன் ஏறவேண்டும். மாதக் கணக்கு காட்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் அடுத்த மாதம் 11. அமரவிளை செக்போஸ்டில் லாரிகள் வரிசையில் நின்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது வரிசை சாருடைய ஃபைலுக்கு முன்னால்.

பத்தாம் தேதி மத்தியானம் கணக்குப் பெண் ஃபைலைத் தொடுவாள். வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கலாம் என்று திரையில் எழுந்து நிற்கும்.

"சாரே, சேல்ஸ் ஃபைலு சாருக்க சிஸ்டத்தில தொறந்து கெடக்குது. ஒண்ணு அடைச்சுத் தருவியளா?"

"நான் தொறக்கவே இல்லியே மோளே. காலத்த ஒண்ணு பாத்தேன், அம்புட்டுதான்."

பார்ப்பதற்கும் திறப்பதற்கும் சார் வைத்திருக்கும் வித்தியாசம் சர்வருக்குத் தெரியாது. சொல்லப்போனால் சில நேரம் சார் பக்கம் நியாயம்கூட உண்டு. விண்டோஸில் ஃபைலைத் திறக்காமல் ஓரத்தில் எட்டிப்பார்க்க ஒரு முன்னோட்டப் பலகை இருக்கிறதே, அதில் பார்த்தாலே சில ஃபைல்கள் பிடிபட்டுவிடும். அன்றைக்கு மனிதர் உண்மையிலேயே நிரபராதி. யார் நம்புவார்கள்?

இதைவிடக் குழப்பம் பெயரில் வரும். எக்செலோ வேர்டோ பொது ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறக்கும்போது பக்கத்திலேயே அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய ஒரு குட்டி ஃபைலை மறைத்து வைக்கும். இருநூறு பைட்டுகூட வராது. அதற்குள் இருப்பது திறந்தவரின் பெயர். அதுவும் இப்போது நாற்காலியில் இருப்பவர் பெயரல்ல, மென்பொருளைப் போட்ட அன்று யாரோ தட்டிவைத்த பெயர். ஆகவே பென்ஷன் வாங்கிப் போன பழைய மேனேஜர் தினமும் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து சேல்ஸ் ஃபைலைப் பூட்டிக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன் நம்பர் தேடிப் போனே போட்டுவிட்டான். "மக்ளே, நான் ரப்பர் தோட்டத்தில நிக்கேன். எனக்க கையில ஒரு ஃபைலும் இல்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

இத்தனைக்கும் சார் உயிரோடு, மின்சாரத்தோடு இருக்கும்போது நடப்பவை இவை. துலாமாதம் பிறந்தால் கதையே வேறு. காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்குக் கிழக்கே அகஸ்தியமலைப் பக்கமிருந்து இடி உருண்டுவரும். தென்னமட்டை கம்பியில் விழும், கரன்ட் போகும். சர்வருக்கு யூபிஎஸ் உண்டு. சாருடைய யூபிஎஸ்ஸில் பேட்டரி செத்து வருஷமாயிற்று, அதன் தலையில் கண்ணாடிக் கூடும் டீ கிளாஸும் இருக்கின்றன. சாருடைய சிஸ்டம் விடைபெறாமல் அணைந்துபோகிறது. சர்வரோ அவர் இன்னும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிப் பூட்டைக் காத்துக்கொண்டிருக்கிறது. இருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு நெட்வொர்க்கில் இல்லாமலில்லை. ஆனால் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலுமே வழக்கமான டிசிபி அமைப்பில் முதல் விசாரிப்பு 2 மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் சார் பஸ் பிடித்து வீடு போய்க் குளித்துக் கஞ்சி குடித்திருப்பார். லிப்ரே ஆபீஸ் விட்டுப்போகும் பூட்டு ஃபைலுக்கு அந்த விசாரிப்பும் கிடையாது. யாராவது அழிக்கும் வரை, அல்லது எச்சரிக்கையைத் தாண்டி யாராவது துணிந்து திறக்கும் வரை அங்கேயே கிடக்கும்.

பழைய யூனிக்ஸ் உலகத்தில் இன்னும் விசேஷம். 1984-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ்ஸில் பூட்டுக்கென்று பின்னர் சேர்த்த தனி ஏற்பாட்டின்படி, பூட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் பாதியில் செத்தால், அதுவே மறுபடி எழுந்து வந்து நான் செத்துப் பிழைத்தேன் என்று தெரிவிக்க வேண்டும். எழாவிட்டால் பூட்டும் எழாது. நான்காம் பதிப்பில்தான் குத்தகை முறை வந்தது. லினக்ஸ் சர்வரில் சாதாரணமாக 90 விநாடிக் குத்தகை. புதுப்பிக்கவில்லையென்றால் பிடி போயிற்று. சாருக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் யூனியனைக் கூட்டிவிடுவார்.

பொங்கலை மறக்கக்கூடாது. திருவனந்தபுரம் உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலன்று உள்ளூர் விடுமுறை விடுகிறது, ஒரு நாள். சாருக்கு வீடு எல்லைக்கு அந்தப்புறம். அங்கே பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று சேர்ந்தாற்போல மூன்று. ஒரு நாள் இங்கே அரசு தருவது, மீதி இரண்டும் சார் தமக்குத் தாமே தந்துகொள்வது. சிஸ்டத்தை அணைக்காமல் போயிருப்பார். ஃபைலும் அவரோடு பொங்கல் கொண்டாடும்.

ஆபீஸ் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு நகல் எடுக்கும். சேல்ஸ்-புதுசு, சேல்ஸ்-புதுசு-2, சேல்ஸ்-கடைசி, சேல்ஸ்-கடைசி-இதுதான், சேல்ஸ்-சார் பாத்தது. பதினோராம் தேதி காலை எதைத் தாக்கல் செய்வது என்று தெரியாமல் ஐந்து பேர் ஐந்து தொகை சொல்வார்கள். உள்ளபடி பார்த்தால் பூட்டிய சாரைவிட, அவருக்குப் பயந்து நகலெடுத்தவர்கள் செய்த சேதம் அதிகம். இன்னொரு வைத்தியர் உண்டு. எந்த நோய்க்கும் "சர்வர ஓஃப் செஞ்சு ஓன் செய்யி" என்பார். பூட்டு திறக்கும்தான். கூடவே மற்ற நாலு பேரும் அரைமணி நேரம் அடித்துச் சேமிக்காதது போனாலும் போகும்.

கணக்குப் பெண் பள்ளியில் லிட்டில் கைட்ஸில் இருந்தவள். 2001-இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானதே, அது 2018-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்த கம்ப்யூட்டர் குழு. லினக்ஸ் கண்டு பயப்படாத தலைமுறை. சர்வரில் ஓடுவது சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆன்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கிய, காசில்லாத மென்பொருள். அவள் எஸ்எம்பிஸ்டேட்டஸ் என்று ஒரு கட்டளை அடிப்பாள். எந்த ஃபைல், எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பிராசஸ் எண் என்று வரிசையாக வரும். சாருடைய சிஸ்டத்தில் சேமிக்காத எதுவும் இல்லையென்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, அந்த ஒரு பிராசஸை மட்டும் நிறுத்துவாள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அவளே ஒருநாள், ரப்பர் தோட்டத்துக்காரருக்கு இனி யாரும் போன் போடவேண்டாமென்று சாருடைய எக்செலில் பழைய பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். மறுநாளே எக்செல் பாதியில் உறைந்து நின்றது. சன்னல் மறைந்தது, உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. சார் மறுபடி சேல்ஸ் ஃபைலைத் தட்டினார். திருத்த முடியாது, இன்னார் திறந்து வைத்திருக்கிறார் என்று அவருடைய பெயரையே காட்டிற்று.

சார் எழுந்து நின்றுவிட்டார். "எனக்க பேருல எவனோ கேறியிருக்கான்! பாஸ்வேர்ட இப்பமே மாத்தணும்."

மாற்றினார்கள். புதிய பாஸ்வேர்டை சார் ஒரு எக்செல் ஃபைலில் எழுதி, பத்திரமாகப் பொது ஃபோல்டரில் வைத்திருக்கிறார். வேறு யாரும் திருத்திவிடக் கூடாதென்று திறந்தே வைத்திருக்கிறார்.