இடிப்பதற்கு முன் ஏல விலை பார்க்கவும்

போடியில் சமையலறையை இடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வீட்டுக்காரர் இல்லை. ஏலக்காய். ஆகவே இன்ஜினியரைத் தேடி அலைய வேண்டாம். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் இன்றைக்கு என்ன விலை என்று போனில் பாருங்கள். உச்ச விலை ஒன்று வரும், சராசரி விலை ஒன்று வரும். உங்கள் காய்க்குக் கிடைக்கப்போவது சராசரிதான், அதுவும் காய் பச்சை மாறாமல் உருண்டு திரண்டு இருந்தால். ஆனாலும் பட்ஜெட்டை உச்ச விலையில்தான் போட வேண்டும், ஊர் வழக்கம் அப்படி. 2018 வெள்ளமும் பின்னாலேயே வந்த வறட்சியும் செடியைத் தின்றதில், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. காய் இல்லாததால் ஏறிய விலை. அதை நம்பிச் சுவரில் கடப்பாரை வைத்தவர்கள், 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது மிச்சச் சுவரைக் கும்பிட்டிருப்பார்கள்.

அடுத்தது ஆள். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரைக்கும் மலையில் காய் எடுப்பு. கையில் பணம் புரளும் காலம் அதுதான். சித்தாள் கிடைக்காத காலமும் அதுதான். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போய்விடும். பங்குனி, சித்திரையில் ஆள் இருக்கும், பணம் இருக்காது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் மாதத்தைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் இன்னும் வெளியே சொல்லவில்லை.

நாள் பார்க்காமல் எப்படி? வருடத்தில் எட்டு நாள்தான் வாஸ்து புருஷன் கண் விழிக்கிறார். விழித்தாலும் ஒன்றரை மணி நேரம். அதில் பதினெட்டு நிமிடம் பல் விளக்குகிறார், பதினெட்டு நிமிடம் குளிக்கிறார், அப்புறம் பூஜை, சாப்பாடு, கடைசியில் வெற்றிலை. சாப்பிட்டு வெற்றிலை போடும் அந்தக் கடைசி முப்பத்தாறு நிமிடத்தில்தான் நாம் மனை வேலை தொடங்க வேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. கவனியுங்கள்: எழுந்ததும் அவர் தேடுவது குளியலறையை, பிறகு சாப்பாட்டை. ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதாக எந்தப் பஞ்சாங்கமும் எழுதவில்லை. வீட்டில் எந்த இரண்டு அறைக்கு முதலில் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கும் மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கொத்தனார் வருவார். சுவரைத் தட்டுவார். நிலைப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார். "பத்து நாள் வேலைண்ணே, பாத்துக்கிருவோம்" என்பார். நம்புங்கள். மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள்; 2023 ஜூன் 15 அன்று ரயில் மறுபடி போடிக்கு வந்தது. அதோடு பார்த்தால் உங்கள் கொத்தனார் சொல் தவறாதவர். எஸ்டிமேட்டை மட்டும் எழுத்தால் எழுதி வாங்குங்கள், எண்ணால் வேண்டாம். மேலே ஏலமலைக் காடு 15,720 ஏக்கரா 2,15,720 ஏக்கரா என்று திருவிதாங்கூர் காலத்து 1897 அறிவிக்கையை வைத்துக்கொண்டு இன்னும் வழக்காடுகிறார்கள். முன்னால் ஒரு 2 இருக்கிறதா இல்லையா என்பதுதான் சண்டையே.

டைல்ஸ் கடைக்குக் குடும்பத்தோடு போங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வந்தவை, கடை விளக்கில் முகம் தெரிய மின்னும். குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான மேட் ரகம் வேண்டும் என்று பெரியவர் யாராவது முனகுவார். கேட்காதீர்கள். மின்னுவதையே எடுங்கள். எழுபது வயது அப்பத்தா சோப்பு நுரையில் கால் வைக்கும் நாளில்தான் க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியவரும்.

டைல்ஸுக்கு அடியில் இருப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். விருந்தாளி கண்ணுக்குத் தெரியாத எதற்கும் காசு செலவழிப்பது பாவம். குளியலறைத் தரை ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது ஜாலியைப் பார்த்து இறங்க வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகு ஜாலி வாயைத் துணியால் அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழ்த்தளத்து மச்சைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் என்றதும் கொத்தனார் முகம் சுருங்கும். "எதுக்குண்ணே, அதெல்லாம் ஒழுகாது." சரி என்று விட்டுவிடுங்கள். வேலை முடிந்து குடும்பமே கூடி நிற்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரை நடுத்தரையில் ஊற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் யோசிக்கும். ஒரு விரல் ஜாலிப் பக்கம் நீளும், நின்றுவிடும். பிறகு நிதானமாகத் திரும்பி, நிலையின் கால் வழியாகப் படுக்கையறைக்குள் போகும். மிச்சம் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால், துடைப்பம் எட்டாத மூலையில், தேங்கி நிற்கும். கொத்தனார் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ரெண்டு நாள்ல தானா செட் ஆயிரும்ணே."

கூடவே ஒரு ரூபாய்க் காசை எடுத்து டைல்ஸைத் தட்டிப் பார்க்காதீர்கள். அடியில் கலவை இல்லாத இடம் பொள்ளென்று சொல்லிவிடும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

சமையலறைக்கு வருவோம். மேடையின் உயரத்தை, அதில் நின்று சமைக்காத ஒருவரை வைத்து அளப்பது மரபு. கணவர் நிற்பார், மைத்துனர் டேப் பிடிப்பார். சமைக்கிறவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது என்பதை அவர் உள்ளேயிருந்து சொல்லலாம். ஆனால் அப்போது அவர் கொத்தனாருக்கு டீ போட்டுக்கொண்டிருப்பார். அலமாரிக்கு மாடுலர் என்று பெயர். தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவுகிற நம் வீட்டில், சிங்க்குக்கு அடியில் மரத்தூள் பலகை வைத்தால் இரண்டு மழைக்குள் பூரி மாதிரி உப்பும். 710 என்று முத்திரை குத்திய மரைன் பிளைவுட் தாங்கும். கொஞ்சம் விலை கூட. அதனால் அந்தக் காசுக்குச் சிம்னி வாங்குங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். போடியில் அம்மி பறந்தது ரீமாடலிங்கில்தான். ஆடிக் காற்று இன்னும் மேற்கேயிருந்துதான் வருகிறது. அடுப்புக்கு நேரே பெரிய ஜன்னல் வைத்தவர்கள் ஆனி பிறந்ததும் அதில் காலண்டர் அட்டையைச் செருகிவிட்டுத் தோசை சுடுவதைப் பார்க்கலாம்.

மலையில் எஸ்டேட் வீடு இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று தோன்றும். தாராளமாக. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டைல்ஸ் பெட்டி ஜீப்புக்குள் இடம் மாறி உட்காரும். மேலே ஊற்றிலிருந்து ஓஸில் வரும் தண்ணீரில் ஷவர் தூறல் போடும். கரண்ட் போனால் கீசர் சுவர் அலங்காரம். விறகு போட்டு வெந்நீர் காய்ச்சும் பழைய பாய்லரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காமல் வைத்திருங்கள். இது மட்டும் கிண்டல் இல்லை.

மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் ஏற்றுங்கள். அந்த பேட்ச் எண்ணில் அதே நிறம் திரும்ப வராது. உடைத்துப் பார்க்க நேரும் நாளில் கடைக்காரர் "கிட்டத்தட்ட இதே கலர்தான்" என்பார். அந்தக் கிட்டத்தட்டவைத் தினம் பார்த்துக்கொண்டே பல் விளக்க வேண்டியிருக்கும்.

கணக்கு முடிக்கிற அன்று கொத்தனார் ஹாலில் வந்து உட்காருவார். காலடியில் உங்கள் அப்பா காலத்து மொசைக் தரை. கட்டை விரலால் அதை லேசாகத் தேய்ப்பார். "உள்ள இம்புட்டு வெளிச்சமாயிருச்சு. ஹாலு கொஞ்சம் இருட்டாத் தெரியுதுல்லண்ணே?" சட்டைப் பையிலிருந்து டேப்பை அவர் எடுப்பதற்குள் பணத்தை எண்ணிக் கொடுங்கள். தெருமுனை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள்.